கடலுக்கடியில் ஒரு கூட்டாளி



தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கடலுக்கு அடியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதையேதான் கேட்டாள். "பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற மனுசனுக்கு மீனோடு என்ன பேச்சு?" என்றாள். அப்போது என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆறாம் ஆண்டு படித்த ஒரு பையன், இன்று தியோமான் தீவில் முக்குளிப்புக் கற்றுத் தருபவனாக இருக்கிறான். தோட்டத்து ஆற்றில் குதித்துக் குதித்து என்னிடம் எத்தனையோ முறை அடி வாங்கியவன் அவன். ஒரு நாள் என்னைப் பார்க்க வந்தபோது, "சார், நீங்க எனக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுத்தீங்க. நீங்க வந்தீங்கன்னா உங்களுக்குத் தண்ணிக்குள்ள மூச்சு விட நான் சொல்லித் தர்றேன்" என்றான். நாற்பதைத் தாண்டிய வயதில் அந்த அழைப்பு எனக்கு ஏனோ பிடித்துப் போயிற்று.

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதிப் பள்ளி விடுமுறையில், நானும் என் நண்பர் ஒருவரும் ஜொகூரின் மெர்சிங் துறையிலிருந்து படகேறினோம். அந்த நண்பரின் பெயர் இங்கே வேண்டாம். அவரும் இந்த இதழைப் படிப்பவர். இதை எழுத அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர். இருபது ஆண்டுகளுக்கும் மேலான பழக்கம். என் தகப்பனார் மருத்துவமனையில் கிடந்தபோது, நான் வாய் திறந்து கேட்காமலேயே மூவாயிரம் வெள்ளியைக் கையில் திணித்தவர். இரவில் எனக்குப் பதிலாக அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது பிறகு உங்களுக்குப் புரியும்.

இந்த ஸ்கூபா முக்குளிப்பு என்பது ஒன்றும் மந்திர வித்தை அல்ல. 1943ஆம் ஆண்டில் ஜாக் கூஸ்தோ, எமில் கான்யான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கிய கருவியின் வழிவந்ததுதான் இன்றைய கருவியும். முதுகிலே ஓர் உலோகக் குப்பி. அதற்குள் நாம் சுவாசிக்கிற இதே காற்று, சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைத்திருக்கும். நம் மோட்டார் சைக்கிள் டயரில் அடிப்பது ஏறக்குறைய 2 பார் என்றால், இதன் வேகத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள். அங்கிருந்து ஒரு குழாய் வாய்க்கு வரும். நாம் இழுக்கும்போது மட்டும், நாம் இருக்கிற ஆழத்துக்குத் தக்கபடி காற்று கிடைக்கும். பத்து மீட்டர் ஆழம் போனால் நீரின் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு அழுத்தம். ஆகவே ஒவ்வொரு மூச்சுக்கும் இரண்டு மடங்கு காற்று செலவாகும். இருபது மீட்டரில் மூன்று மடங்கு. கைச்செலவு செய்கிறவன் பையைத் தடவிப் பார்ப்பதுபோல, குப்பியில் எவ்வளவு மீதி என்று காட்டும் மானியை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 50 பார் மீதி இருக்கும்போதே தண்ணீருக்கு மேலே வந்துவிட வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட கணக்கு.

இதில் முதல் விதி ஒன்று உண்டு. தனியாக இறங்கக் கூடாது. கூட்டாளியோடுதான் இறங்க வேண்டும். ஏன்? கடலுக்கு அடியில் வாய் பேச முடியாது. ஓசை கேட்கும், ஆனால் நீரில் ஓசை காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் போவதால், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது. ஒருவனுக்குக் காற்று தீர்ந்தால், மற்றவனின் குப்பியிலிருந்து வரும் இன்னொரு குழாயை வாங்கிக் கவ்விக்கொண்டு இருவரும் சேர்ந்து மேலே வரலாம். அந்த இரண்டாவது குழாய் நமக்காக இல்லை; அடுத்தவனுக்காகவே நாம் சுமந்து போவது. இதைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

தூத்துக்குடிப் பக்கம் முத்துக் குளித்தவர்கள், மேலே படகில் கயிற்றைப் பிடித்துக்கொள்ள மைத்துனனைத்தான் நிறுத்துவார்களாம். தங்கையின் தாலிக்கு அவன்தானே காவல்! மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னது கடலுக்கும் பொருந்தும். என் நண்பர் எனக்கு மச்சான் முறை இல்லையென்றாலும், அதைவிட நெருக்கம் என்றுதான் எண்ணியிருந்தேன்.

நான்கு நாள் பயிற்சி. இருநூறு மீட்டர் நீந்திக் காட்டினோம். பத்து நிமிடம் மிதந்து காட்டினோம். முகக் கண்ணாடிக்குள் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றப் பழகினோம். சைகைகள் படித்தோம். பெருவிரலை மேலே தூக்கினால் நம் ஊரில் 'பலே' என்று பொருள். அங்கே 'மேலே போவோம்' என்று பொருள். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வட்டம்தான் 'நலம்'. என் பழைய மாணவன் கண்டிப்பான ஆசிரியனாக இருந்தான். நான் அவனை எப்படி நடத்தினேனோ, அப்படியே என்னை நடத்தினான், அடி ஒன்றைத் தவிர!

பயிற்சி முடிந்த மறுநாள், ரெங்கிஸ் என்ற சிறு தீவின் ஓரத்தில் இறங்கினோம். 1994ஆம் ஆண்டிலிருந்து தியோமானைச் சுற்றியுள்ள கடல் பாதுகாக்கப்பட்ட பூங்காவாக இருப்பதால், மீன்களுக்கு நம்மைக் கண்டு பயமில்லை. அந்த அழகை நான் என்னவென்று சொல்வேன்! தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிகிறது. ஆனால் சிவப்பு நிறம் மட்டும் ஆழத்தில் மங்கிச் சாம்பலாகிவிடுகிறது.

அந்த அழகிலேதான் வந்தது வினை. நண்பர் புதிதாக ஒரு கேமரா வாங்கி வந்திருந்தார். ஒரு மீனைக் கண்டால் அதன் பின்னால். இன்னொன்றைக் கண்டால் அதன் பின்னால். நான்கு முறை திரும்பிப் பார்த்தேன். மூன்று முறை அவர் பக்கத்தில் இல்லை. தேடிப் போய்த் தோளைத் தொட்டேன். வட்டம் காட்டிவிட்டு மறுபடியும் போய்விட்டார். படகில் ஏறிய பிறகு, "என்னடா, சின்னப் பிள்ளை மாதிரி என் வாலைப் பிடிச்சுக்கிட்டே வர்றே?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

வாசகர்களே, அந்தச் சிரிப்புத்தான் என் முதல் தவறு.

மறுநாள் தீவின் வடமேற்கே ஒரு பாறைத் திட்டு. தண்ணீர் கலங்கலாக இருந்தது. எட்டு மீட்டருக்கு அப்பால் கண் தெரியவில்லை. நீரோட்டமும் சற்று இருந்தது. மாணவன் முன்னே செல்ல, நாங்கள் ஆறு பேர் இரண்டிரண்டாகப் பின்னே சென்றோம். பதினாறு மீட்டர் ஆழத்தில் என் வலது கெண்டைக்கால் நரம்பு சுண்டி இழுத்தது. உயிர் போகிற வலி. காலை நீட்ட முடியவில்லை. குனிந்து துடுப்புக் காலணியின் நுனியைப் பிடித்து இழுத்து, வலி கொஞ்சம் அடங்கி நிமிர்ந்து பார்த்தால், கூட்டத்தைக் காணோம். நண்பரையும் காணோம்.

சுற்றிலும் பச்சைக் கலங்கல். மேலும் அதுவே, கீழும் அதுவே. மானியைப் பார்த்தேன்: 70. பயத்தில் மூச்சு வேகமாக ஓடியது. அடுத்த பார்வையில் 60. மூச்சு வேகமாகப் போனால் காற்று வேகமாகத் தீரும். காற்று தீர்வதைக் கண்டால் மூச்சு இன்னும் வேகமாகும். அந்தச் சக்கரத்துக்குள் அகப்பட்டவர்கள் மேலே வருவது கடினம். "சார், எது நடந்தாலும் முதல்ல நில்லுங்க. மூச்சு விடுங்க. அப்புறம் யோசிங்க" என்று மாணவன் சொன்னது காதில் விழுந்தது. நின்றேன். கூட்டாளியைக் காணவில்லை என்றால் ஒரு நிமிடம் தேட வேண்டும். அதற்கு மேல் தேடாமல் மேலே வந்துவிட வேண்டும். இதுதான் விதி. நான்கு பக்கமும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, மெதுவாக ஏறத் தொடங்கினேன்.

மெதுவாக ஏறுவதற்கும் காரணம் உண்டு. ஆழத்தில் நாம் சுவாசித்த காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்திருக்கும். சோடாப் புட்டியைச் சட்டென்று திறந்தால் நுரைக்கிறதல்லவா, அதுபோல வேகமாக மேலே வந்தால் இரத்தத்திலே குமிழிகள் உண்டாகும். மூச்சை அடக்கிக்கொண்டு வந்தாலோ, உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரலே கிழிந்துவிடும். ஆகவே விடாமல் மூச்சு விட்டபடி, நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மிகாமல் வர வேண்டும். ஏறக்குறைய இரண்டு நிமிடம். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான இரண்டு நிமிடத்தை நான் கண்டதில்லை.

மேலே வந்து விசில் ஊதினேன். படகுக்காரர் பார்த்துவிட்டார். சிறிது நேரத்தில் மாணவனும் மற்ற நால்வரும் மேலே வந்தார்கள். எங்கள் இருவரையும் காணாமல், தேடிவிட்டு ஏறியிருக்கிறார்கள். என்னைக் கண்டதும் மாணவன் முகத்தில் உயிர் வந்தது. அடுத்த நொடி, "சார், அவர் எங்க?" என்றான்.

எனக்கு நாக்கு எழவில்லை.

படகின் பக்கவாட்டைப் பிடித்தபடி எல்லாரும் நீர்ப்பரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். குமிழி எங்காவது தெரிகிறதா என்று தேடினோம். மாணவன் புதுக் குப்பியை மாட்டி இறங்கத் தயாரானான். நண்பருக்கு மூன்று பிள்ளைகள். கடைக்குட்டிக்கு அப்போது எட்டு வயது. அந்தப் பிள்ளையின் தாயிடம் போய் நான் என்ன சொல்வேன்? அவர் என்னை விட்டுப் போனாரா, நான் அவரை விட்டு வந்தேனா? கடல் அதற்கெல்லாம் பதில் சொல்லாது.

ஒன்பது நிமிடம் கழித்து, ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு தலை எழுந்தது. கையை உயர்த்தி, "ஆமைடா! இம்மாம் பெரிய ஆமை!" என்று கத்தினார் நண்பர்.

மாணவன் அவருடைய மானியைப் பார்த்துவிட்டு, "இருபது" என்று மட்டும் சொன்னான். எனக்கு அழுகை வந்தது. முகத்தில் கடல்நீர் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அன்றிரவு நான் தூங்கவில்லை. கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன். மாணவன் வந்து பக்கத்தில் அமர்ந்தான். "நாளைக்கு அவரோட இறங்குறீங்களா சார்?" என்று கேட்டான். "எப்படியப்பா மாட்டேன்னு சொல்றது? எங்கப்பா சாகக் கிடந்தப்போ எனக்குத் துணை நின்னவர்" என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "சார், அன்னைக்கு நின்னார். இன்னைக்கு நிக்கலையே" என்றான். வேறொன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டான்.

அப்போதுதான் அப்பாவே நினைவுக்கு வந்தார்.

எங்கள் தோட்டத்தில் பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்ட பிறகு, அப்பா குலை வெட்டும் வேலைக்குப் போனார். உங்களில் பலருக்கு அந்த வேலையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நீண்ட கம்பின் நுனியில் அரிவாள். அண்ணாந்து இழுத்தால் மட்டையும் இருபது இருபத்தைந்து கிலோ குலையும் தலைக்கு மேலிருந்து வரும். ஒருவர் வெட்ட, ஒருவர் உதிரிப் பழம் பொறுக்க வேண்டும். வெட்டுகிறவர் கீழே யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்துக் குரல் கொடுத்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும். அப்பாவுக்கு ஜோடி என் சித்தப்பா. சித்தப்பா நல்லவர், ஆனால் ராத்திரி குடித்த சம்சு காலையிலும் கண்ணில் இருக்கும். ஒரு நாள் குரல் கொடுக்காமல் இழுத்தார். குலை அப்பாவின் தோளை உரசிக்கொண்டு விழுந்தது.

மறுநாள் பெரட்டில் அப்பா மண்டோரிடம் போய், தனக்கு வேறு ஜோடி போடும்படி கேட்டுக்கொண்டார். பாட்டி அழுதாள், சொந்தத் தம்பியைச் சபையில் குறைத்துவிட்டான் என்று லயமே பேசியது. அப்பா சொன்னது இவ்வளவுதான்: "அவன் பசிச்சு வந்தா என் தட்டுச் சோத்துல பாதி அவனுக்கு. ஆனா நான் மரத்துக்கடியில நிக்கும்போது அரிவாள் அவன் கையில இருக்கக் கூடாது."

சித்தப்பா கடைசிக் காலம் வரை எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அப்பா அவரோடு மறுபடி ஜோடி சேரவில்லை.

அன்பு வேறு, உயிரை ஒப்படைப்பது வேறு. படிக்காத என் அப்பாவுக்குத் தெரிந்தது, சான்றிதழ் வாங்கிய எனக்குத் தெரியவில்லை. நண்பரின் மூவாயிரம் வெள்ளிக்கும் அந்த இரவுகளுக்கும் நான் என்றென்றும் கடன்பட்டவன். அந்தக் கடனை அடைக்க வேறு எத்தனையோ வழிகள் இருக்கின்றன. என் பிள்ளைகளின் தகப்பனைக் கடலில் பணயம் வைத்து அடைக்க வேண்டியதில்லை.

காலையில், மற்றவர்கள் வருமுன் அவரைத் தனியே அழைத்துச் சொன்னேன். நாலு பேர் முன்னால் சொன்னால் அது அவமானம். தனியே சொன்னால் அது உரிமை. "நேத்துக் காலு பிடிச்சுக்கிட்டப்போ நீ பக்கத்துல இல்லை. ரொம்பப் பயந்துட்டேன். அப்புறம் நீ மேலே வராதப்போ அதைவிடப் பயந்துட்டேன். இன்னைக்கு நான் உன்னோட இறங்கலை" என்றேன். அவரைப் பொறுப்பில்லாதவர் என்று சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொன்னேன். ஆனாலும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "அவ்வளவுதானா நம்ம பழக்கம்?" என்று கேட்டுவிட்டுக் கரையிலேயே இருந்துவிட்டார். நான் மாணவனோடு இறங்கினேன். மெர்சிங் வரும் வரை படகில் எங்களுக்குள் பேச்சில்லை. அதன் பிறகு இரண்டு மாதம் தொலைபேசியும் இல்லை. அந்த இரண்டு மாதமும் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த நாட்களில் என் பங்குத் தவறுகளையும் எண்ணிப் பார்த்தேன். முதல் நாளே சொல்லாமல் சிரித்து மழுப்பினேன். இறங்குமுன், "நீ படமெடுக்கும்போது நான் நிற்பேன், இத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை இருவரும் திரும்பிப் பார்ப்போம், 100 பார் ஆனால் சொல்லிக்கொள்வோம்" என்று ஓர் ஒப்பந்தம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மிதவைச் சட்டை, ஈயப் பட்டை, கொக்கிகள், காற்று என்று ஒருவர் உடம்பை ஒருவர் சோதித்துக்கொள்ள வேண்டிய சடங்கையும் அவசரத்தில் பாதியில் விட்டோம். கூட்டாளி கெட்டுப்போவதில் நம் மௌனத்துக்கும் பங்கு உண்டு.

அந்த ஆண்டுத் தீபாவளியன்று வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கையில் முறுக்கு டின்னோடு நண்பர். உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகு, "நீ சொன்னப்போ கோபம்தான் வந்துச்சு. ஒரு நாள் என் சின்னவன், 'நீங்க தண்ணிக்குள்ள தொலைஞ்சு போனீங்களாப்பா?'ன்னு கேட்டான். யாரோ சொல்லியிருக்காங்க. அவனுக்கு என்னால பதில் சொல்ல முடியலைடா" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

2024இல் மீண்டும் போனோம். உடனே பழையபடி நம்பிவிட்டேன் என்று எண்ணாதீர்கள். முதலில் ஆறு மீட்டர் ஆழத்தில்தான் அவரோடு இறங்கினேன். கேமராவைக் கரையில் வைத்துவிட்டு வரச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டு வந்தார். இறங்குமுன் என் பட்டையை அவரே இழுத்துப் பார்த்தார். நான் திரும்பிப் பார்த்த ஒவ்வொரு முறையும், கை நீட்டினால் தொடும் தூரத்தில் அவர் இருந்தார். அடுத்த நாள் பத்து மீட்டர். நம்பிக்கையும் அப்படித்தான், போனது ஒரே நாளில் என்றாலும், மீட்டர் மீட்டராகத்தான் திரும்பி வருகிறது.

வாசக அன்பர்களே, உங்களில் பெரும்பாலோர் கடலுக்கடியில் போகப் போவதில்லை. ஆனால் கூட்டாளியை நம்பித்தானே நாம் எல்லாரும் வாழ்கிறோம்? செம்பனைக் காட்டில் கம்பு பிடிப்பவர், மருந்தடிக்கும்போது பக்கத்து நிரையில் வருபவர், ராத்திரி விருந்து முடிந்து "ஏறு மச்சான், நான் கொண்டுபோய் விடுறேன்" என்று தள்ளாடியபடி மோட்டார் சைக்கிளை உதைப்பவர், எல்லாரும் நம் உயிரைக் கையில் வைத்திருக்கிறவர்களே. அவர் அண்ணனாக இருக்கலாம், கடன் கொடுத்து உதவியவராக இருக்கலாம். அதற்காக வாயை மூடிக்கொள்ளாதீர்கள். காலத்தோடு சொல்லுங்கள். தனியே சொல்லுங்கள். கேட்காவிட்டால், "உன்னோடு சாப்பிட வருகிறேன், உன்னோடு ஏற மாட்டேன்" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

அப்படியே இன்னொன்றும். யாரோ ஒருவர் இன்று உங்களை நம்பித் தலைக்கு மேலே அரிவாள் இருக்கும்போது குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருப்பார். இழுப்பதற்கு முன் ஒரு முறை குனிந்து பாருங்கள். குரல் கொடுங்கள்.